தீவுக்கு எது முதலில்: கட்டணமா, தலைக்கணக்கா, படுக்கைக் கணக்கா?

சுற்றுலாவால் பிழைக்கிற ஒரு தீவில், வருகிற கூட்டத்தை இனியும் இப்படியே விடமுடியாது என்று ஊர் கூடிப் பேச ஆரம்பித்தால், சுற்றிச் சுற்றி நாலு யோசனைகள்தான் வரும். வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கலாம். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று எண்ணிக்கை வைக்கலாம். தங்கும் இடங்களுக்கு, அதாவது தீவில் உள்ள மொத்தப் படுக்கைகளுக்கு, உச்சவரம்பு போடலாம். இல்லையென்றால் கொஞ்ச காலம் மூடிவைக்கலாம். இந்த நாலையும் உலகத்தில் ஏதாவது ஒரு தீவு செய்து பார்த்திருக்கிறது, சில தீவுகள் பல வருஷமாகச் செய்துகொண்டே இருக்கின்றன, அதனால் நாம் ஊகத்தில் பேசவேண்டிய அவசியம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய எந்த ஊருக்கும் ஆளும் பணமும் இருக்காது, எதை முதலில் எடுப்பது என்பதுதான் முடிவு செய்யவேண்டிய விஷயம். என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதலில் படுக்கை. அடுத்தது குறிப்பிட்ட சில இடங்களுக்கான தினசரி எண்ணிக்கை. கட்டணம் மூன்றாவது. மூடுவது கடைசி. ஏன் என்பதையும், எந்த மாதிரித் தீவில் இந்த வரிசை மாறும் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன்னால் கொஞ்சம் தண்ணீரைப் பற்றிப் பேசவேண்டும், ஏனென்றால் தீவில் எல்லாக் கணக்கும் அங்கேதான் தொடங்குகிறது. மணலும் பவளப்பாறையும் சுண்ணாம்புக்கல்லுமான சின்னத் தீவுகளில் நிலத்தடி நன்னீர், கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீருக்கு எடை குறைவு, உப்புநீருக்கு அதிகம், அதனால் இது மேலே நிற்கிறது, அது கீழே. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரைப் படித்தவர்கள் வைத்திருக்கும் பழைய கணக்கு. கேட்க நிறைய இருப்பதுபோலத் தோன்றும். அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மோட்டார் வைத்து இறைத்து இறைத்து மேல்மட்டத்தை அரை மீட்டர் இறக்கிவிட்டால், நாளாவட்டத்தில் கீழே இருக்கும் உப்பு 20 மீட்டர் ஏறி வரும். பல தீவுகளில் சீசன் என்பதே மழை நின்ற மாதங்கள்தான், ஏனென்றால் வெயிலும் அமைதியான கடலும் வேண்டும் என்றுதான் ஆட்கள் வருகிறார்கள். மழை நிலத்துக்குள் இறங்காத அதே மாதங்களில் நீச்சல் குளம் நிரப்பி, படுக்கை விரிப்பையும் துண்டையும் தினமும் துவைத்து, ஓர் ஆளுக்கு இரண்டு குளியல் என்று தண்ணீர் போகும்போது கிணறு கரிக்காமல் என்ன செய்யும்?

காலையில் படகில் வந்து மாலையில் திரும்புகிறவர் நெரிசலைக் கூட்டுவார், குப்பை போடுவார், வழியை அடைத்துக்கொண்டு நிற்பார். தொந்தரவுதான், மறுக்கவில்லை. ஆனால் குளிப்பதும் துவைப்பதும் ராத்திரி முழுக்க ஏசி ஓடவிடுவதும் தங்குகிறவர்தான். அவர் படுப்பதற்காக ஒரு வீடு உள்ளூர்க்காரர் கையைவிட்டுப் போகிறது. அவருக்குச் சமைக்கவும் அறை கூட்டவும் வெளியிலிருந்து வேலைக்கு ஆள் வருகிறார்கள், அந்த ஆட்களுக்கும் இருக்க இடமும் குடிக்கத் தண்ணீரும் வேண்டும். எனவே ஒரு புதிய படுக்கை வந்தால் அதோடு சேர்ந்து இன்னும் பல செலவுகள் தீவின் தலையில் ஏறுகின்றன. நான் படுக்கையை முதலில் வைப்பதற்கு இதுதான் அடிப்படை.

கட்டணம்: போடுவது சுலபம்

கட்டணத்தை ஊரில் யாரும் பெரிதாக எதிர்ப்பதில்லை. கொடுப்பது வெளியாள், வாங்குவது நாம், அப்புறம் என்ன? ஆனால் கூட்டம் குறையும் என்று நம்பிக் கட்டணம் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஈக்வடார் நாட்டின் காலப்பகோஸ் தீவுகளில் வெளிநாட்டுப் பயணிகளிடம் 1998 முதல் ஆளுக்கு 100 டாலர் நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள், அது சின்னத் தொகை இல்லை. அப்படியும் கூட்டம் ஏறிக்கொண்டே போய் 2023-ல் மூன்று லட்சத்தைத் தாண்டியது. 2024 ஆகஸ்ட் 1 முதல் அதை 200 டாலர் ஆக்கியிருக்கிறார்கள். விமானம், கப்பல், வழிகாட்டி என்று சில ஆயிரம் டாலர் செலவழித்து வருகிற ஒருவர் இன்னொரு 100 டாலருக்காகப் பயணத்தைக் கைவிடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. பலேயாரிக் தீவுகளில், அதாவது மயோர்க்காவும் இபிசாவும் இருக்கிற ஸ்பெயின் தீவுக்கூட்டத்தில், 2016 ஜூலை முதல் ஒவ்வோர் இரவுக்கும் சுற்றுலா வரி உண்டு, 2018-ல் அதை இரட்டிப்பாக்கினார்கள். 2024-ல் அதே மயோர்க்காவின் பால்மா நகரத் தெருக்களில் ஆயிரக்கணக்கான உள்ளூர்க்காரர்கள் இறங்கி, சுற்றுலாவைக் குறையுங்கள் என்று ஊர்வலம் போனார்கள். எட்டு வருஷம் வரி வசூலித்த பிறகுதான் இது நடந்தது.

சரி, கூட்டம் குறையாவிட்டாலும் பணமாவது வருமே என்பீர்கள். வரும், ஆனால் அது எப்படி வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பாலி தீவில் 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டவருக்கு 1,50,000 ரூபியா கட்டணம், சுமார் 10 டாலர். அதை வருகிறவரே இணையத்திலோ விமான நிலையத்திலோ கட்டவேண்டும், வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்திச் சோதிக்க முடியாது, ஆகவே கட்டாமலே உள்ளே போனவர்கள் ஏராளம். பலாவ் நாடு 2018 முதல் 100 டாலரை விமான டிக்கெட்டுக்குள்ளேயே சேர்த்துவிட்டது. கவுன்டரும் கிடையாது, சண்டையும் கிடையாது, தப்பிக்கவும் வழி கிடையாது. பிரேசிலின் ஃபெர்னாண்டோ டி நொரோன்யாவில் நாள் கணக்கில் வாங்குகிறார்கள், நெடுநாள் தங்க நினைத்தால் தொகை செங்குத்தாக ஏறிவிடும். கட்டணம் போடுவதென்றே முடிவு செய்தால் இந்த இரண்டையும் சேர்த்து யோசிப்பது நல்லது: பயணச் சீட்டோடு வசூல், தங்கும் நாளோடு ஏறும் தொகை.

கட்டணத்தைப் பற்றி எனக்குள்ள உண்மையான பயம் வேறு. அந்தப் பணம் ஊராட்சியின் பொதுக் கணக்கில் விழுந்து, சம்பளமும் சாலையும் அதிலிருந்தே ஓட ஆரம்பித்துவிட்டால், அப்புறம் ஆள் குறைந்தால் ஊராட்சிக்கே நட்டம். கூட்டத்தைக் கட்டுப்படுத்த வந்த நிர்வாகம் கூட்டத்தை நம்பிப் பிழைக்க ஆரம்பித்துவிடும், எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் முதலில் எதிர்ப்பவர் கணக்காளராகத்தான் இருப்பார். இதைத் தவிர்க்க ஒரே வழி, முதல் ரூபாய் வருவதற்கு முன்பே இந்தப் பணம் கழிவுநீருக்கும் தண்ணீருக்கும் கடலுக்கும் மட்டும் என்று எழுதிவைத்து, தனிக் கணக்கு திறந்து, வருஷத்துக்கு ஒருமுறை ஊர் முன்னால் வரவு செலவைப் படித்துக் காட்டுவது. அது இல்லாமல் கட்டணமே வேண்டாம் என்பேன்.

ஒரு நாளைக்கு இத்தனை பேர்

இங்கே இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முழுத் தீவுக்கும் ஓர் எண் வைப்பது ஒன்று, ஒரு கடற்கரைக்கோ பாதைக்கோ குகைக்கோ எண் வைப்பது இன்னொன்று. இரண்டாவது நன்றாக வேலை செய்கிறது. முதலாவது பெரும்பாலும் காகிதத்தில்தான் நிற்கிறது.

இரண்டாவதுக்கு நான் பார்த்தவற்றில் சிறந்த உதாரணம் ஹவாயின் கவாயி தீவில் இருக்கும் ஹாஎனா. சாலை முடிகிற இடம் அது, அதற்கு மேல் கார் போகாது, நடைபாதை மட்டும்தான். சில நாட்களில் 3,000 பேர்வரை வந்து, சாலையின் இரண்டு பக்கமும் காரை நிறுத்திவிட்டுப் போவார்கள், ஆம்புலன்ஸ் போக இடம் இருக்காது, அங்கேயே தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள் தங்கள் கடற்கரைக்குப் போவதை விட்டுவிட்டார்கள். 2018 ஏப்ரலில் பெருவெள்ளம் வந்து மலைச்சரிவில் சாலை அடைபட்டது, பூங்காவை ஒரு வருஷத்துக்கு மேல் மூடவேண்டி வந்தது. 2019 ஜூனில் திறந்தபோது ஒரு நாளைக்கு 900 பேர் என்று வைத்தார்கள். முப்பது நாள் முன்னதாக முன்பதிவு திறக்கும், வண்டி நிறுத்த இடம் எண்ணி வைத்ததுதான், மீதிப் பேர் ஷட்டில் பஸ்ஸில்தான் வரவேண்டும். ஹவாய்வாசிகளுக்கு முன்பதிவும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். அந்தப் பகுதியின் பழைய குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஹூயி மகாஆயினானா ஓ மகானா என்ற அமைப்பு இந்த ஏற்பாட்டில் பங்காளி, அதே ஆட்கள்தான் பூங்காவுக்குள் இருக்கும் பழைய சேம்பு வயல்களைத் திருத்திப் பயிரிடுகிறவர்கள். இதில் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது, 900 என்ற எண் வெள்ளத்துக்குப் பிறகு அவசரமாகத் தோன்றியது இல்லை. ஊர்க்காரர்களும் பூங்கா நிர்வாகமும் அதற்கு முன்பே பல வருஷம் உட்கார்ந்து பேசித் திட்டத்தைத் தயாராக வைத்திருந்தார்கள். வெள்ளம் கதவை மூடியது, திறக்கும்போது எப்படித் திறப்பது என்பது ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. உங்கள் தீவிலும் ஒரு புயலோ தொற்றுநோயோ ஒருநாள் சுற்றுலாவை நிறுத்தும். அன்றைக்குக் கையில் திட்டம் இருந்தால் பழைய கூட்டத்துக்குத் திரும்பாமலே திறக்கலாம்.

தாய்லாந்தின் மாயா விரிகுடாவும் இதே வகைதான். ஒரு நாளைக்கு 5,000 பேர்வரை வந்து, அத்தனை படகுகளும் பவளத்தின் மேல் நங்கூரம் போட்டதால், 2018 ஜூனில் மூடியவர்கள் 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகு எதுவும் விரிகுடாவுக்குள் வரக்கூடாது, தீவின் பின்பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வரவேண்டும், நீந்தக்கூடாது, ஒரு சுற்றுக்கு இத்தனை பேர்தான் என்று நேரம் பிரித்துவிட்டார்கள், தவிர ஒவ்வொரு வருஷமும் மழைக்காலத்தில் இரண்டு மாதம் மூடுகிறார்கள். கருநுனிச் சுறாக்கள் ஆழமில்லாத நீருக்குத் திரும்பி வந்திருக்கின்றன. எண்ணிக்கையைக் குறைத்தது பாதி வேலையைச் செய்தது என்றால், படகைப் பின்பக்கம் அனுப்பியது மறுபாதியைச் செய்தது. எத்தனை பேர் என்பதோடு எப்படி வருகிறார்கள் என்பதையும் சேர்த்து முடிவு செய்யாவிட்டால் எண்ணால் பெரிய பயன் இல்லை.

முழுத் தீவுக்கு எண் வைத்தது பிலிப்பைன்ஸின் பொராக்காய். 2018-ல் மூடித் திறந்தபோது, ஒரு நேரத்தில் தீவில் 19,215 பயணிகளுக்கு மேல் கூடாது, ஒரு நாளைக்கு 6,405 பேருக்கு மேல் வந்திறங்கக்கூடாது என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2022 ஈஸ்டர் வாரத்தில் கூட்டம் அந்த எண்ணைத் தாண்டிவிட்டது. விடுமுறை வருகிறது, ஓட்டல்களில் அறைகள் இருக்கின்றன, பதிவு செய்துவிட்டார்கள், விமானமும் படகும் ஓடுகின்றன. படகுத்துறையில் நிற்கும் ஊழியர் ஒருவர், அறைக்குப் பணம் கட்டிய குடும்பத்தைத் திருப்பி அனுப்புவாரா? அறை இருக்கிறவரை ஆள் வரத்தான் செய்வார், வாசலில் எழுதிய எண் அதைத் தடுக்காது. எனவே அந்த எண்ணைப் படுக்கையிலேயே வைக்கவேண்டும் என்கிறேன்.

எண்ணிக்கை முறைக்கு இன்னொரு குறையும் உண்டு. ஒரு கடற்கரைக்கு வரம்பு போட்டால், இடம் கிடைக்காதவர்கள் வீட்டுக்குத் திரும்புவதில்லை, பக்கத்துக் கடற்கரைக்குப் போகிறார்கள். அங்கே கழிப்பறையும் இருக்காது, காவலும் இருக்காது. ஒரு இடத்துக்கு வரம்பு போடும்போதே அடுத்த இரண்டு இடங்களையும் சேர்த்துத்தான் போடவேண்டும்.

படுக்கைக்கு உச்சவரம்பு

ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹவ் தீவில் ஒரு நேரத்தில் 400 பயணிகளுக்கு மேல் இருக்க முடியாது. தீவின் நிரந்தரவாசிகளும் ஏறக்குறைய அதே அளவுதான், பரப்பளவு 15 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. இந்த 400-ஐக் காக்க வாசலில் யாரும் நிற்கவேண்டியதில்லை: உரிமம் பெற்ற படுக்கைகள் மொத்தம் அவ்வளவுதான், முகாம் போட அனுமதி இல்லை, வந்து போவதும் பெரும்பாலும் சின்ன விமானத்தில். படுக்கை இல்லாதவர் டிக்கெட் எடுப்பதே இல்லை. தடுத்து நிறுத்தும் அசிங்கம் எங்கேயும் நடப்பதில்லை, ஏனென்றால் முடிவு பயணத்துக்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. பெரும்பாலானவர்கள் சைக்கிளில்தான் சுற்றுகிறார்கள், வண்டிகளுக்கு வேக வரம்பு 25 கிலோமீட்டர்.

மலேசியாவின் சிபதான் இன்னும் ஒரு படி மேலே போனது. 2004 முடிவுக்குள் தீவில் இருந்த எல்லா விடுதிகளையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள், இன்றைக்கு அங்கே யாரும் இரவு தங்க முடியாது, பகலில் அனுமதிச் சீட்டு வாங்கி முக்குளிக்க வரலாம், அவ்வளவுதான். மக்கள் வசிக்கிற தீவுக்கு இது பொருந்தாது, ஆனால் படுக்கையைக் கட்டுப்படுத்த முடியும் என்பதற்குச் சாட்சி.

அரைகுறையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மறுபடி காலப்பகோஸ். அங்கே சுற்றுலா தொடங்கிய காலத்தில் பயணிகள் கப்பலிலேயே தங்கி, கப்பலிலேயே சுற்றினார்கள். கப்பல் படுக்கைகளுக்கு அரசு வரம்பு வைத்தது, அது நின்றது. ஆனால் கரையில், ஊர்ப்பகுதியில், அதே இறுக்கம் இல்லை. வளர்ச்சி முழுக்கக் கரைக்குத் திரும்பியது: விடுதிகள், அவற்றுக்குக் கட்டட வேலை, வேலைக்கு நிலப்பகுதியிலிருந்து ஆள், ஆட்களுக்கு வீடு, வீட்டுக்குத் தண்ணீர். குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த 1998-லேயே தனிச் சட்டம் இருந்தும் இத்தனையும் நடந்தது. ஓட்டலுக்கு வரம்பு வைத்து வீட்டு வாடகையை விட்டுவிட்டாலும் இதே கதைதான். ஓட்டல், விடுதி, வீட்டில் ஓர் அறை, கூடாரம், நங்கூரமிட்ட படகு, எதில் படுத்தாலும் படுக்கை என்று ஒரே கணக்கில் வரவேண்டும். பால்மா நகரம் 2018-ல் அடுக்குமாடி வீடுகளைச் சுற்றுலா வாடகைக்கு விடுவதையே தடை செய்தது, வழக்கு ஸ்பெயினின் உச்ச நீதிமன்றம்வரை போய் 2023-ல் ஊருக்குச் சாதகமாக முடிந்தது. 2022-ல் பலேயாரிக் அரசு புதிய சுற்றுலாப் படுக்கைகளுக்கு நாலு வருஷம் தடை போட்டது. ஆனால் வரி 2016-ல், தடை 2022-ல். வரிசை மாறியிருந்தால் வீட்டு வாடகை இந்த அளவுக்குப் போயிருக்காது என்றே நினைக்கிறேன்.

படுக்கை வரம்புக்கு விலை இல்லாமல் இல்லை. அறை வாடகை ஏறும், நடுத்தர வருமானக்காரர் வரமுடியாத இடமாகத் தீவு மாறும். அதைவிட மோசமானது, உரிமம் வைத்திருப்பவருக்கு அதுவே பெரிய சொத்தாகிவிடும். வரம்பு போட்ட நாளில் பத்து அறை வைத்திருந்தவர் பணக்காரர், அடுத்த வருஷம் ஓர் அறை போடலாம் என்று காத்திருந்த இளம் குடும்பத்துக்கு வாசல் அடைப்பு. ஆகவே உரிமத்தை விற்கக்கூடாது, தீவில் வசிக்காதவர் பெயரில் இருக்கக்கூடாது, சில வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும், கைவிடப்பட்ட உரிமம் ஊரிடம் திரும்பி வந்து உள்ளூர் இளைஞர்களுக்குப் போகவேண்டும் என்று முதல் நாளே எழுதாவிட்டால், படுக்கை வரம்பு நாலைந்து குடும்பங்களின் ஏகபோகமாக முடியும். இந்த ஒரு ஷரத்துக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கூட்டத்தில் உட்கார்ந்து சண்டை போடலாம், தகும்.

நிலமே ஊர் கையில் இருந்தால் இந்தத் தலைவலி பாதி குறையும். ஸ்காட்லாந்தின் எக் தீவில் 1997-ல் தீவுவாசிகள் அறக்கட்டளை அமைத்துத் தீவையே விலைக்கு வாங்கினார்கள். யாருக்கு வீடு, எங்கே கட்டடம் என்பதை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். பயணிகள் கார் கொண்டுவர முடியாது. 2008-ல் சொந்த மின்சாரம் வந்தபோது காற்றும் வெயிலும் நீரும் தருகிற அளவுக்குள் வாழவேண்டும் என்று வீட்டுக்கு 5 கிலோவாட், கடைக்கும் தொழிலுக்கும் 10 கிலோவாட் என்று வரம்பு வைத்துக்கொண்டார்கள். வந்துபோகிறவருக்கு மட்டும் சட்டம் போடாமல் தங்களுக்கும் போட்டுக்கொண்டார்கள், அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மூடுவது

பொராக்காயை 2018 ஏப்ரல் 26-ல் மூடி அக்டோபர் 26-ல் திறந்தார்கள். கடலுக்குள் நேராகக் கழிவுநீர் விட்ட குழாய்களைத் தோண்டி எடுத்தார்கள், கடற்கரையை ஒட்டி 30 மீட்டருக்குள் நின்ற கட்டடங்களை இடித்தார்கள், கழிவுநீர் ஏற்பாடு இல்லாத ஓட்டல்களுக்குத் திறக்க அனுமதி தரவில்லை. ஆறு மாதத்தில் இவ்வளவு நடந்தது என்பது உண்மை. அதோடு பல்லாயிரம் தொழிலாளர்கள் ஒரே நாளில் சம்பளம் இல்லாமல் நின்றார்கள் என்பதும் உண்மை. ஓட்டல் முதலாளி ஆறு மாதம் தாங்குவார், அறை கூட்டுகிறவரும் படகில் கயிறு பிடிக்கிறவரும் தாங்கமாட்டார். தாமதித்த தவறு நிர்வாகத்துடையது, விலை கொடுத்தவர்கள் அவர்கள். மக்கள் வாழும் தீவை முழுதாக மூடுவதை ஒரு யோசனையாகவே எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது என் கருத்து. மாயா விரிகுடாபோல யாரும் குடியிருக்காத ஓர் இடத்துக்கு, ஆண்டுதோறும் முன்கூட்டியே தேதி சொல்லி ஓய்வு கொடுப்பது வேறு. அதைத் தாராளமாகச் செய்யலாம், எல்லோரும் அதற்கேற்ப வருமானத்தைத் திட்டமிட்டுக்கொள்வார்கள்.

கப்பல் வந்து நிற்கிற தீவு

மேலே சொன்ன வரிசை மாறுகிற முக்கியமான இடம் இது. பயணிகளில் பெரும்பங்கு உல்லாசக் கப்பலில் வந்து நாலைந்து மணி நேரத்தில் திரும்புகிறார்கள் என்றால் படுக்கை வரம்பால் பயன் இல்லை, அவர்கள் கப்பலில்தான் படுக்கிறார்கள். அங்கே இறங்கும் எண்ணிக்கைதான் முதலில். கிரீஸின் சாண்டோரினித் தீவில் ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், 2025-லிருந்து சீசன் நாட்களில் தலைக்கு 20 யூரோவும் வாங்குகிறார்கள். இங்கே எண்ணிக்கையை நடைமுறைப்படுத்துவதும் சுலபம், ஏனென்றால் கப்பல்கள் மாதக்கணக்கில் முன்பே துறைமுகத்தில் இடம் பதிவு செய்கின்றன, மறுப்பதற்கு ஒரு கடிதம் போதும்.

ஆனால் கடிதம் எழுதும் அதிகாரம் யாரிடம்? அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவு மக்கள் 2020 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, பெரிய கப்பல்கள் வேண்டாம், ஒரு நாளைக்கு 1,500 பேருக்கு மேல் இறங்கக்கூடாது என்று பெரும்பான்மையோடு முடிவு செய்தார்கள். அடுத்த வருஷமே மாநில அரசு சட்டம் போட்டு அந்த முடிவைச் செல்லாததாக்கிவிட்டது. அதே அமெரிக்காவில், மெய்ன் மாநிலத்தின் மவுண்ட் டெசர்ட் தீவில் உள்ள பார் ஹார்பர் ஊர் 2022-ல் ஒரு நாளைக்கு 1,000 பேர் என்று வாக்களித்தது, வியாபாரிகள் வழக்குப் போட்டார்கள், 2024-ல் நீதிமன்றம் பெரும்பாலும் ஊர்ப் பக்கமே நின்றது, அதே வருஷம் வரம்பை எடுத்துவிட நடந்த வாக்கெடுப்பில் மயிரிழையில் வரம்பு பிழைத்தது. இரண்டு ஊரிலும் மக்கள் ஒரே மாதிரிதான் முடிவெடுத்தார்கள், ஆனால் ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது, காரணம் மேலே இருக்கிற அரசு. உங்கள் ஊராட்சிக்கு எதில் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது என்று முதலில் ஒரு வழக்கறிஞரிடம் எழுதி வாங்குங்கள். துறைமுகம் மாநிலத்துடையதாக இருக்கலாம், விமான நிலையம் மத்திய அரசுடையதாக இருக்கலாம், ஆனால் கட்டட அனுமதியும் தங்கும்விடுதி உரிமமும் தண்ணீர் இணைப்பும் பல இடங்களில் உள்ளூர் கையில்தான் இருக்கின்றன. படுக்கையை முதலில் எடுக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்: நம் கைக்கு எட்டுகிற நெம்புகோல் அது.

அதிகாரம் ஊரிடம் இருந்தால் என்ன முடியும் என்பதற்கு பிலிப்பைன்ஸின் ஆப்போ தீவைப் பார்க்கலாம். 1980-களின் தொடக்கத்தில் சில்லிமான் பல்கலைக்கழகத்தின் அங்கெல் அல்காலாவின் குழுவினர் அங்கே மீனவர்களோடு பேசிப் பேசி, பவளப்பாறையில் ஒரு சின்னப் பகுதியில் மீன் பிடிப்பதை நிறுத்த வைத்தார்கள். மீனவர்களே காவல் இருந்தார்கள். மீன் பெருகி எல்லைக்கு வெளியே வந்ததால் பக்கத்து நீரில் வலை நிறைந்தது, அதைப் பார்க்க முக்குளிப்பவர்களும் வந்தார்கள். 1994-ல் அது தேசிய அளவில் பாதுகாப்புப் பகுதி ஆனதும் முடிவெடுக்கும் பொறுப்பு ஊர்க்குழுவிடமிருந்து பல தரப்பும் உட்காரும் வாரியத்துக்குப் போனது. லார்ட் ஹவ் தீவிலும் வாரியம்தான், ஆனால் ஏழு பேரில் நாலு பேரைத் தீவுவாசிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாரியம் என்று ஒன்று அமைந்தே தீரவேண்டும் என்றால் இந்தப் பெரும்பான்மையை விட்டுக்கொடுக்காதீர்கள், ஆலோசனைக் குழுவில் இரண்டு இடம் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வேலையை எங்கே தொடங்குவது என்றால், மூன்று கணக்குகள் போதும், பெரிய நிறுவனத்தைக் கூப்பிட்டு அறிக்கை எழுத வைக்கவேண்டியதில்லை. ஒன்று, பத்துப் பன்னிரண்டு கிணறுகளில் மாதாமாதம் உப்பு அளவு. கையடக்க மீட்டர் கிடைக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளே அளந்து எழுதிவிடுவார்கள். இரண்டாவது, வீடு வீடாகப் போய் எடுக்கிற படுக்கைக் கணக்கு, இணையத்தில் வாடகைக்குப் போட்டிருக்கும் வீடுகளோடு ஒப்பிட்டு. உரிமப் பதிவேட்டில் இருப்பதற்கும் நேரில் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசமே கூட்டத்தில் பாதி வாக்குவாதத்தை முடித்துவைக்கும். மூன்றாவது, சீசனில் ஒரு வாரமும் சீசன் இல்லாதபோது ஒரு வாரமும் படகுத்துறையில் உட்கார்ந்து, இறங்குகிறவர்களில் இரவு தங்குகிறவர் எத்தனை, அன்றே திரும்புகிறவர் எத்தனை என்ற எண்ணிக்கை. தங்குகிறவர் அதிகம் என்றால் படுக்கை, திரும்புகிறவர் அதிகம் என்றால் இறங்கும் எண்ணிக்கை.

இன்னொன்று, இது அவசரம். படுக்கை வரம்பு வரப்போகிறது என்ற பேச்சு வெளியே கசிந்த அன்றே, வரம்புக்கு முன்னால் நாலு அறை கூடுதலாகப் போட்டுவிடலாம் என்று பலர் அஸ்திவாரம் தோண்டிவிடுவார்கள், அது மனித இயல்பு, அவர்கள்மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை. அதனால் கணக்கெடுப்பு தொடங்கும் நாளிலேயே, இறுதி முடிவு வரும்வரை புதிய விடுதி உரிமமும் விடுதிக்கான கட்டட அனுமதியும் கிடையாது என்று ஒரு தற்காலிகத் தீர்மானம் போட்டுவிட்டு, அதற்கப்புறம் மற்றதை நிதானமாகப் பேசலாம்.